பதினோரு நிமிடம் வலப்பக்கம்

யுனிக்ஸ் வழிவந்த கணினியில் இரண்டாவது மானிட்டரை இணைப்பது சுலபம் என்று சொல்பவர்களை நான் கவனித்திருக்கிறேன். எல்லாரிடமும் ஒரே ஒரு மானிட்டர்தான் இருக்கும்.

எங்கள் கல்லூரி கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில், காற்றாலைகளுக்குக் கீழே இருக்கிறது. காற்றாலைகள் கல்லூரிக்குச் சொந்தமானவை அல்ல. ஆனால் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அவைதான் இருக்கும். அதே புத்தகத்தின் உள்பக்கத்தில், 'ஒவ்வொரு மாணவருக்கும் இரட்டைத் திரை கொண்ட லினக்ஸ் கணினி' என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அதை எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அச்சாகிவிட்டது. ஆகவே மானிட்டர்கள் வந்து இறங்கின. மூன்றாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் அவற்றைப் பொருத்தும்படி ஆனது. இதற்குச் செய்முறைப் பயிற்சி என்று பெயர்.

சிக்கல் மானிட்டரில் இல்லை. ஏதோ ஒரு நிறுவனம் தனக்கு வேண்டாமல் கிடந்த கிராபிக்ஸ் கார்டுகளை எங்களுக்கு நன்கொடையாகத் தந்திருந்தது. அந்தக் கார்டு லினக்ஸில் ஓட டிரைவர் கிடையாது. கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் பேச்சு நடத்திக்கொடுக்கும் நிரலைத்தான் டிரைவர் என்பார்கள். அதை அந்த நிறுவனமும் எழுதவில்லை, உலகத்தில் வேறு எவரும் எழுதவில்லை. என் வகுப்புத் தோழி ஜெனோவா எழுதினாள்.

ஜெனோவா தூத்துக்குடிக்காரி. கார்டுக்குக் கையேடு இல்லாததால், ஒவ்வோர் எண்ணாக அனுப்பிப் பார்த்து, திரையில் என்ன கோளாறு வருகிறதோ அதிலிருந்து கார்டின் குணத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு செமஸ்டர் முழுக்க அவளுடைய மானிட்டரில் பச்சைக் கோடும் ஊதாப் புள்ளியும்தான் தெரிந்தன. எங்களில் சிலர் அதைக் கோலம் என்று நினைத்தோம். அவள் முடித்த அன்று இரண்டு மானிட்டரும் ஒன்றாக எரிந்தன. வெளிச்சம் வந்தது என்ற பொருளில்.

அவள் வேலை முடிந்த இடத்தில் என் வேலை தொடங்கியது. என் பெயர் ஐகோர்ட் துரை. எங்கள் பக்கத்துச் சாமியின் பெயர். நீதித்துறைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வேறு தொடர்பு கிடையாது.

முதலில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வந்தது. பிறகு வலப்பக்க மானிட்டர் தன்னை இடப்பக்கம் என்று நினைத்துக்கொண்டது. மவுஸை வலப்பக்கம் தள்ளினால் முட்டி நின்றது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்க மானிட்டரிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ஏலே, அதுக்கு எடத்தச் சொல்லணும்லா," என்றாள் ஜெனோவா. "ரெண்டாவது மானிட்டர் எங்க இருக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? கண்ணா இருக்கு? மொத மானிட்டரோட அகலம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருவது புள்ளி. அது முடியுத எடத்துல ரெண்டாவது தொடங்குதுன்னு சொல்லு. மேல கீழ ஏத்த எறக்கம் இல்ல, அதனால சைபர். ரெண்டே நம்பர்."

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான். அதையும் நீ தப்பாச் செய்வ. செய்யி, பாப்போம்."

நான் கட்டளையை அடித்தேன். இரண்டு எண்களையும் சரியாக அடித்தேன். கூடவே மூன்றாவதாக ஒன்றையும் அடித்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. எங்கள் லேபில் எதை எழுதினாலும் கடைசியில் சிஸ்டம் எண்ணைப் போட்டே ஆகவேண்டும். கோப்பின் பெயரில் போட வேண்டும், பிரிண்ட் எடுக்கும் தாளில் போட வேண்டும், காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டாலும் காய்ச்சலுக்குக் கீழே போட வேண்டும். மூன்று ஆண்டுகளில் இந்தச் சட்டம் எங்கள் மூளையைவிட்டு விரலுக்கு இறங்கிவிட்டது. என் சிஸ்டம் எண் பதினொன்று. வேறெந்தக் கல்லூரி மாணவனும் அந்த இடத்தில் பதினொன்று என்று அடித்திருக்க மாட்டான். இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

என்டர் தட்டினேன். கணினி ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸின் பழக்கம் அது. தப்புச் செய்தால் திட்டும், சரியாகச் செய்தால் பேசாது.

வலப்பக்க மானிட்டரில் இடப்பக்கத்துப் படமே மறுபடி வந்தது.

"போச்சு. திரும்பவும் ரெண்டுலயும் ஒரே படம்," என்றேன்.

ஜெனோவா திரைக்கு அருகில் குனிந்தாள். "ஒரே படம் இல்லலே. மூலையில கடிகாரத்தப் பாரு."

இடப்பக்கம் பத்து இருபது. வலப்பக்கம் பத்து முப்பத்தொன்று. இடப்பக்கம் வெறும் நீலத் திரை. வலப்பக்கம் ஒரு சன்னல் திறந்திருந்தது. அதில் 'வித்தியாசம் 11 நிமிஷம்' என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று தெரியவில்லை. எங்கள் நான்கு கைகளும் அந்தரத்தில் இருந்தன.

நான் நேர அமைப்பைச் சரிபார்த்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மானிட்டரின் முதுகில் தட்டினேன். எங்கள் துறையில் கற்றுத்தரப்படும் மூன்று முறைகள் இவைதான். ஒன்றும் மாறவில்லை. ஜெனோவா எதையும் தொடாமல் யோசித்தாள். பிறகு, குறித்துவைத்துக்கொள்ளலாம் என்று இடப்பக்கத்தில் ஒரு சன்னலைத் திறந்து, 'வித்தியாசம் 11 நிமிஷம்' என்று அடித்தாள். அடித்து முடித்த பிறகுதான் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து முப்பத்தொன்று.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொத நம்பர் எடம் வலம்," என்றாள் மெதுவாக. "ரெண்டாவது மேல கீழ. மூணாவதா நீ குடுத்த பதினொண்ண அது நேரம்னு எடுத்துக்கிடுச்சு. ரெண்டாவது மானிட்டர் பதினோரு நிமிஷம் தள்ளி இருக்குன்னு நீ சொல்லிட்டே. அதுவும் சரின்னு தள்ளிப் போயிருச்சு."

"நீ அப்பிடியா எழுதியிருந்தே?"

"மூணாவது நம்பர் வாங்கணும்னு நான் எழுதவே இல்ல. வந்தா வாங்காதன்னும் எழுதல. எந்தக் கிறுக்கன் மூணாவது நம்பர் குடுப்பான்னு நெனச்சேன்."

"நான் இருக்கேன்லா."

மற்ற கணினிகளிலும் சோதித்தோம். நான்காம் சிஸ்டத்தில் நான்கு கொடுத்தால் நான்கு நிமிடம். நாற்பதில் நாற்பது கொடுத்தோம், கார்டு புகைந்தது. எதிர்காலம் தொலைவில் போகப்போகச் சூடு அதிகம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டு, பதினொன்றோடு நிறுத்தினோம்.

இந்த ரகசியத்தை இருவரும் சாப்பாட்டு நேரம்வரை காப்பாற்றினோம்.

மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்று மனிதகுலத்தின் கையில் கிடைத்தால் மனிதகுலம் அதை வைத்து என்ன செய்யும் என்று பலர் கவலைப்பட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரி அளவில் பதில் கிடைத்தது. முதல் வாரம் முழுக்கக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்கள். தாளாளர், கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் நிரம்பப்போகிறது என்று பதினோரு நிமிடம் முன்னதாகப் பார்த்து, பதினோரு நிமிடம் முன்னதாக வருத்தப்பட்டார்.

பிறகு ரத்தினபாண்டியின் விவகாரம் வந்தது. ரத்தினபாண்டி கடைசி ஆண்டு. வேலைக்கான ஆன்லைன் தேர்வைப் பதினொன்றாம் சிஸ்டத்தில் உட்கார்ந்து எழுதினான். வலப்பக்கத்தில் அவனே எழுதிமுடித்த விடைகள் இருந்தன. அதைப் பார்த்து இடப்பக்கத்தில் எழுதினான். முழு மதிப்பெண். நேர்முகத் தேர்வில், இந்த நிரலை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். பார்த்து எழுதினேன் என்றான். எதைப் பார்த்து? நான் எழுதியதைப் பார்த்து. அவனை மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். அவனும் போனான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை.

"அந்த நிரல நான் வாங்கிப் பாத்தேன்லே. அருமையான நிரல். எனக்கே தோணியிருக்காது. அவன் யோசிக்கல. வேற யாரும் யோசிக்கல. அது பாட்டுக்கு இருக்கு. யாருமே செய்யாத ஒரு வேலை." சொல்லும்போது அவள் முகம் பாம்பைப் பார்த்தது போல இருந்தது. "இனிமே யாராவது வலப்பக்கம் பாத்து எழுதுனா ஒயரப் புடுங்கிருவேன்."

அவள் ஏன் இவ்வளவு கோபப்பட்டாள் என்பதற்கு எங்கள் துறையின் மரபைச் சொல்லியாக வேண்டும். துறைத்தலைவர் டாக்டர் கோமதிநாயகத்தின் பெயர் முதலில் இல்லாமல் எங்கள் துறையிலிருந்து எதுவும் வெளியே போகாது. குடை காணவில்லை என்ற அறிவிப்பில்கூட அவர் பெயர் முதலில் இருக்கும், குடையின் சொந்தக்காரர் பெயர் இரண்டாவதாக இருக்கும். போன வருடம் ஜெனோவா எழுதிய கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில், தட்டச்சு செய்து உதவியதற்காக ஜெனோவாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். அவள் அதை ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, "ஏட்டி, இஞ்சினியருக்குன்னுதான சேத்துவிட்டோம், நீ டைப்பிங்குக்கா போய்க்கிட்டிருக்க?" என்று கேட்டாராம்.

வல்லுநர் குழு வரப்போகிறது என்று ஒரு நாள் செய்தி வந்தது. பெங்களூரிலிருந்து டாக்டர் வாகீஸ்வரி என்ற இயற்பியலாளர் தலைமையில் வருகிறார்கள். பதினொன்றாம் சிஸ்டத்தைச் சோதித்துப் பார்த்து, உண்மை என்றால் பெட்டியில் வைத்து எடுத்துப்போவார்கள். போகும்போது ஒரு பெயரை எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பெயர்தான் இனி பாடப்புத்தகங்களில் இருக்கும்.

மறுநாளே லேபின் சுவரில் பேனர் கட்டியாயிற்று. 'கோமதிநாயகம் விளைவு' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில், போட்டோவில், துறைத்தலைவர் கன்னத்தில் விரல்வைத்து வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனோவா நேராக அவர் அறைக்குப் போனாள். சாட்சிக்கு நான் கதவோரம் நின்றேன்.

"சார், பேனர்ல என் பேரு இல்ல."

அவர் எழுந்து வந்து பேனரைப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், அதை நான் மறைக்க மாட்டேன். "இருக்கேம்மா. இந்தா, கீழ. 'உதவி: மூன்றாம் ஆண்டு மாணவர்கள்'. நீ மூணாம் வருஷந்தான?"

"டிரைவர நான்தான் சார் எழுதினேன். ஒவ்வொரு வரியும்."

"யாரு இல்லைன்னா? ஒன் வயசுல நானும் எங்க கைடுக்கு எம்புட்டோ எழுதிக் குடுத்திருக்கேன். அப்பல்லாம் பேரு கேக்கத் தோணல. பேருல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா என் பேரையே போட்டுருங்க சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. அசலான, அன்பான சிரிப்பு. அதுதான் அவளை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். "பேனர் அடிச்சாச்சும்மா," என்றார். எங்கள் கல்லூரியில் அதற்குமேல் முறையீடு கிடையாது, ஐகோர்ட்டே பக்கத்தில் நின்றாலும்.

வெளியே வந்ததும், "குழு வரும்போது நீ எந்திரிச்சு நின்னு உண்மையச் சொல்லிரு," என்றேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? பேனர்ல அவருல்லா இருக்காரு. அவரு வாயாலயே வரணும்லே."

"அது எந்தக் காலத்துல?"

காற்றாலைகளைப் பார்த்தபடியே நடந்தாள்.

குழு வந்த அன்று லேபில் நிற்க இடமில்லை. விசைப்பலகையில் ஜெனோவா உட்கார்ந்தாள். ஏனென்றால் கண்டுபிடித்தவருக்கு அதை இயக்கத் தெரியாது. நான் பின்னால் நின்றேன். கேபிள் பொறுப்பு எனக்கு. டாக்டர் வாகீஸ்வரி ஒல்லியான, நரைத்த, அதிகம் பேசாத அம்மாள். நாற்காலியை இழுத்து இரண்டு மானிட்டருக்கும் நேராகப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய உதவியாளர் எல்லாவற்றையும் வீடியோவில் பதிவுசெய்தார்.

துறைத்தலைவர் தொடங்கினார். "இருபது வருஷத் தவம் மேடம். சின்ன வயசிலேயே எனக்குள்ள ஒரு கேள்வி. காலம்னா என்ன?"

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் வலப்பக்க மானிட்டர் இருண்டது.

ஓர் எழுத்துகூட இல்லாத இருட்டு. நான் கேபிளைப் பார்த்தேன். கேபிள் சரியாக இருந்தது. மானிட்டரின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் ஒன்றுதான் பொருள். பதினோரு நிமிடம் கழித்து, இந்தக் கூட்டத்தின் முன்னால், இந்தக் கணினியின் திரை செத்துப்போகப் போகிறது.

துறைத்தலைவருக்கும் கணக்குத் தெரியும். அவர் பார்வை இருண்ட மானிட்டருக்குப் போனது. அங்கிருந்து வீடியோவுக்குப் போனது. அங்கிருந்து பேனரில் இருந்த தன் முகத்துக்குப் போனது. நெற்றி பளபளத்தது.

"மேடம்," என்றார். குரல் மாறியிருந்தது. "இந்த எடத்துல நான் ஒரு உண்மையச் சொல்லியாகணும். இது என்னோட வேலை இல்ல. இந்தப் பொண்ணு ஜெனோவா தன்னால செஞ்சது. முழுக்க முழுக்க அவதான்."

டாக்டர் வாகீஸ்வரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பேனரைப் பார்த்தார். "அங்க உங்க பேர் இருக்கே?"

"அச்சகத்துக்காரன் பிழை மேடம்."

"போட்டோ?"

"அதுவும் அவன்தான்."

"நான் பதிவு பண்ணணும் டாக்டர். சரியாச் சொல்லுங்க. உங்களுக்கு இதுல பங்கு உண்டா, இல்லையா?"

"துளி கூட இல்ல மேடம். அந்த நிரல்ல ஒரு வரிகூட நான் பாத்ததில்ல. இது சரியா வராதுன்னு கூடச் சொன்னேன். சின்னப் பிள்ளைக, கேக்கல."

மூன்று வருடத்தில் அவர் எங்களைப் பற்றிச் சொன்ன வாக்கியங்களில் இவ்வளவு உண்மை கலந்த வாக்கியங்களை நான் கேட்டதில்லை.

டாக்டர் வாகீஸ்வரி ஜெனோவாவின் பக்கம் திரும்பினார். "நீயாம்மா செய்தது?"

ஜெனோவா எழுந்து நின்றாள். "ஆமா மேடம். நான்தான்."

"வலப்பக்கம் இருட்டிக் கிடக்கு. பழுதா இருக்கலாம்."

"பழுதானாலும் நான்தான் மேடம்."

அவள் சொன்ன விதத்தில், பின்னால் கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த என் முதுகு தானாக நிமிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வலப்பக்க மானிட்டர் திரும்ப உயிர்பெற்றது. அதே நீலத் திரை, அதே கடிகாரம். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. ஆக, திரை சாகப்போவதில்லை. சற்று நேரம் கண்மூடித் திறக்கப்போகிறது, அவ்வளவுதான்.

துறைத்தலைவர் இதைக் கவனித்தார். தொண்டையைச் செருமினார். "வழிகாட்டுதல்னு ஒண்ணு இருந்தது மேடம்..."

"ஒரு வரிகூடப் பாத்ததில்லைன்னீங்க?"

"பாக்காம வழிகாட்டுறதுதான் மேடம் எங்க பாணி."

"உக்காருங்க டாக்டர்," என்றார் அந்த அம்மாள்.

அவர் உட்காரவில்லை. ஜெனரேட்டரைச் சரிபார்க்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் யாரும் தொடாதபடி நின்றுகொண்டார். இருட்டு வராமல் தடுத்துவிட்டால், ஒருவேளை, தான் சொன்னதும் சொல்லாதது ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் என் பங்குக்குக் கேபிளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். எனக்கு வேறு பயம். நாற்பதாம் சிஸ்டம் புகைந்தது நினைவில் இருந்தது. பெயர் கிடைத்த பத்தாவது நிமிடம் அவளுடைய டிரைவர் எல்லார் முன்னாலும் விழுந்தால், அந்த வீடியோதான் மிஞ்சும்.

"ஜெனோ," என்றேன் மெல்ல. "எங்கயாவது மெமரி நெறையுதா பாரு. இன்னும் நேரம் இருக்கு."

"ஒண்ணும் நெறையல. கம்முனு நில்லுலே."

கடிகாரம் அந்த நிமிடத்துக்கு வந்தது. எல்லாரும் இடப்பக்க மானிட்டரையே பார்த்தார்கள். நான் மட்டும் ஜெனோவாவின் கையைப் பார்த்தேன். அவள் ஒரு சின்னக் கட்டளையை அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கட்டளை. முதல் மானிட்டரை அணைப்பது. ஒரு கணம் அவள் சுண்டுவிரல் என்டருக்குமேல் நின்றது. பிறகு அழுத்தினாள்.

இடப்பக்கம் இருண்டது. யாரோ 'ஐயோ' என்றார்கள். துறைத்தலைவர்தான்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வாகீஸ்வரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் ஜெனோவாவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பவும் ஜெனோவாவின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. எதிரில் திரை இல்லை. என்ன அடிக்கிறோம் என்று கண்ணால் பார்க்க வழியில்லை. எழுத்து ஒன்று பிசகினாலும் மானிட்டர் திரும்பாது. பிசகியது என்றும் தெரியாது. நீளமான கட்டளை அது, நான் வெளிச்சத்தில் அடித்தே தப்பாக அடித்தது. அவள் இருட்டில் அடித்தாள், நிறுத்தாமல், எதையும் அழிக்காமல். என்டர்.

நீலத் திரை வந்தது. கடிகாரம் வந்தது.

"எவ்வளவு நேரம் அங்க இருட்டா இருந்ததோ, அவ்வளவு நேரம் இங்கயும்," என்றார் டாக்டர் வாகீஸ்வரி. "இதைவிட நல்ல சோதனையை நான் யோசிச்சிருக்க முடியாது. வந்த வேலை முடிஞ்சது." உதவியாளரிடம் வீடியோவை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகுதான் கேட்டார். "நீயே அணைச்சே, இல்லையா?"

"ஆமா மேடம்."

"எப்ப முடிவு பண்ணினே?"

"நேத்தே. பேச்சு தொடங்குத நேரத்துல வலப்பக்கம் இருட்டணும்னா, பதினோரு நிமிஷம் கழிச்சு நான் அணைக்கணும். அணைப்பேன்னு முடிவு பண்ணிட்டு வந்து உக்காந்தேன். இருட்டிருச்சு."

"எதுக்கு?"

"சார் வாயால என் பேரு வரணும்னு."

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ஒரு மனுஷனோட பயத்தை எடுத்து அவர் கையையே முறுக்கியிருக்கே. இன்னைக்கு நீ. நாளைக்கு இது யார் கைக்குப் போகும்னு யோசிச்சியா? பங்குச் சந்தைக்காரன் உக்காருவான். தேர்தல்ல நிக்கிறவன் உக்காருவான். அவங்களும் இதைத்தான் செய்வாங்க."

ஜெனோவாவின் முகம் சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை. "யோசிச்சேன் மேடம். அவங்க பொய்ய வரவைப்பாங்க. நான் உண்மையத்தான் வரவச்சேன். அவரு சொன்னதுல எது பொய்யுன்னு சொல்லுங்க, நான் போய் மன்னிப்புக் கேக்கேன்."

டாக்டர் வாகீஸ்வரி பேனரை மறுபடி ஒரு தரம் பார்த்தார். "அச்சகத்துக்காரன்," என்றார். "அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்."

வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பேனரை யாரோ சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். லேபில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"ஏட்டி, ஒரு சந்தேகம்," என்றேன். "பேரு அதுக்குள்ள பதிவாயிருச்சுல்லா. அப்புறம் எதுக்கு அணைச்சே? அணைக்காம விட்டிருக்கலாம்லா. அந்தக் கட்டளைய இருட்டுல தப்பா அடிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"என்டர்கிட்ட போய் விரல் நின்னுச்சு. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப அதான் தோணுச்சு. விட்டுருவோமேன்னு." அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "ஆனா பதினோரு நிமிஷத்துக்கு முந்தி ஒருத்தி எந்திரிச்சு நின்னு, பழுதானாலும் நான்தான்னு சொன்னாளே, அவ என்னைய நம்பித்தான சொன்னா. நான் அவள விட்டுட்டா, அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பதில் தோன்றாதபோது கேபிளைச் சுருட்டுவது என் வழக்கம். சுருட்டத் தொடங்கினேன்.

"அத விடு. எடுத்துட்டுப் போறதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு." அவள் டிரைவரின் கோப்பைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். எல்லா நிரலிலும் உச்சியில் எழுதியவர் பெயர் இருக்கும். இதில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. துறைத்தலைவர் எப்படியும் வந்து உட்காரப்போகிறார் என்று அவள் அதை எழுதாமலே விட்டிருந்தாள்.

நான் வலப்பக்கம் பார்த்தேன். பதினோரு நிமிடம் கழித்து இருக்கப்போகும் கோப்பு அங்கே தெரிந்தது. உச்சியில் இரண்டு வரிகள்.

எழுதியவர்: ஜெனோவா.

பிழை: ஐகோர்ட் துரை.

"ஏட்டி! என் பேரு!"

"எங்கலே?"

"வலப்பக்கம்! நீ போடப் போற!"

அவள் நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். "போடுவேன்னு யாரு சொன்னா? வலப்பக்கம் காட்டுதுன்னு போட்டுருவேனா நான்? நான் என்ன ரத்தினபாண்டியா?"

"அப்ப போட மாட்டியா?"

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணாவது நம்பர் நான்தான குடுத்தேன்."

"பிழைன்னுல்லா போட்டிருக்கு. அதுல ஒனக்கு என்ன இம்புட்டுச் சந்தோஷம்?"

அவளுக்கு இது புரியாது. எங்கள் கல்லூரியில் பிழை செய்தவர்கள் ஏராளம், தாளாளரில் தொடங்கலாம். பிழை என்னுடையது என்று பெயர் போட்டு வெளியானவன் இதுவரை ஒருவனும் இல்லை. அச்சகத்துக்காரன்கூட இல்லை.

நான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் நகம் கடித்தாள். தண்ணீர் குடித்தாள். சன்னல் வழியாகக் காற்றாலையை எண்ணினாள். எண்ணியதில் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. பெட்டியோடு இரண்டு ஆட்கள் மாடிப்படி ஏறும் சத்தமும் கேட்டது. நான் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

"சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத," என்று சொல்லி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "வலப்பக்கம் பாத்துப் போடல. காலையிலயே நெனச்சதுதான், தெரிஞ்சுக்கோ."

என் வரியை முதலில் அடித்தாள், கதவைப் பார்த்துக்கொண்டே, படபடவென்று. அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டாள். ஆட்கள் கதவைத் தட்டினார்கள். இருட்டில் பிசகாமல் அடிக்கத் தெரிந்தவள், தன் பெயரை மட்டும் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தும் திரையில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அடித்தாள்.